பந்து பொறுக்க ஓர் ஆள்

செந்தூரன் ராசா,

லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற மகனுக்கு ஸ்டோவ்னரில் இருக்கிற அப்பன் கடிதம் எழுதுவது விசர் வேலை என்று நீ நினைப்பாய். பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் உன் கதவைத் தட்டலாம். தொலைபேசியும் இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் நான் கொஞ்சம் நீளமாகக் கதைத்தால், நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டே கணினியில் வேறு எதையோ தட்டுவது எனக்குக் கேட்கும். நேரே வந்தாலோ அம்மா சாப்பாட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவாள். பிறகு கதை மீன் குழம்பில் தொடங்கி மீன் குழம்பிலேயே முடியும். ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமை கார்டர்மூன் விமான நிலையத்தில் உன் கைப்பையின் பக்கத்து அறைக்குள் இதைச் செருகிவிடுவேன். விமானத்தில் உனக்கு வேறு வேலை இராது. வாசித்துத்தான் ஆகவேண்டும்.

நீ என்னிடம் கேட்டது சின்ன விஷயம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பேஸ்பால் அடிக்கப் பழக்குகிற விளையாட்டுச் சாமான் எது நல்லது என்று கேட்டாய். நீ இதை என்னிடம் கேட்டதில் எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோஷம் என்று நீ அறியமாட்டாய். நான் பார்னஹாகெயில், அந்தப் பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குப் போன நாளிலிருந்து எங்கள் ஆட்கள் என்னை வைத்துச் சிரித்தது உனக்குத் தெரியும். கலியாண வீடுகளில் "உவர் மூக்குத் துடைக்கிற உத்தியோகம்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சிலர் அவ்வளவு தூரம் சுற்றாமல் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலை என்னவென்று கேட்டதற்கு நீ "கொம்யூன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தாய். பொய்யில்லை, சம்பளம் தருவது நகரசபைதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு, எஞ்சினியர் படித்த என் மகன், சின்னப் பிள்ளைகள் சம்பந்தமாக ஒரு சந்தேகத்தை என்னிடம் கொண்டுவந்தான். அன்று நான் கொஞ்சம் உயரமாக நடந்தேன் என்று அம்மா சொல்கிறாள்.

ஆனால் ராசா, நீ கேட்டது விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் மகள் மாயா அமெரிக்காவுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. நித்யாவுக்கு மினசோட்டாவில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது, நீ இங்கே நோர்வேயில் நின்றுவிட்டாய், பிறகு நீங்கள் இருவரும் பிரிந்தீர்கள். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. அது உங்கள் இருவரின் பாடு. திரும்பச் சேருங்கள் என்று சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டது, ஆனால் சொல்லாமல் இருக்கிற புத்தியும் கொஞ்சம் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: உன் பிள்ளை உன்னை மறந்துகொண்டு வருகிறாள். நீ மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, டிக்கெட் எடுத்திருக்கிறாய். உன் கொம்பனியின் அங்குள்ள அலுவலகத்தில் உன்னை வேலைக்கு வரும்படி கேட்டிருக்கிறார்கள், நீ இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அம்மாவின் முழங்காலையும் என் முதுகையும் காட்டுகிறாய்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ எங்கள் வீட்டில் இருந்து கணினியில் மாயாவோடு கதைத்தாயே, அன்று நான் குசினி வாசலில் நின்றேன். கோப்பை துடைக்கிற சாட்டில் நின்றேன், துடைத்ததெல்லாம் ஏற்கெனவே துடைத்த கோப்பைதான். அவள் நீலநிற மட்டை ஒன்றைத் தூக்கிக் கமராவுக்கு முன்னால் காட்டினாள். அது என்ன என்று நீ தமிழில் கேட்டாய், பிறகு நோர்வேஜிய மொழியில் கேட்டாய், கடைசியில் ஆங்கிலத்தில் கேட்டாய். அவள் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மட்டையோடு ஓடிப்போனாள். திரையில் வெறும் கதிரை. நித்யா வந்து "இருங்க, கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு அவளைத் தேடிப் போனாள். நீ அந்த வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிள்ளை திரும்பி வந்து உன்னைப் பார்த்தால் நீ சிரித்த முகத்தோடு இருக்கவேண்டும் என்று, யாருமில்லாத கதிரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால்தான் அன்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

அடுத்த கிழமை நீ ஸ்டோவ்னர் சென்டரில் கோப்பி குடிக்கக் கூப்பிட்டு, மூன்று சாமான்களின் படங்களை மேசையில் விரித்தாய். எஞ்சினியர் என்றால் எஞ்சினியர்தான். ஒவ்வொன்றுக்கும் நிறை, உயரம், பாதுகாப்பு என்று புள்ளி போட்டு வைத்திருந்தாய். ஒன்று பற்றறியில் ஓடுகிற இயந்திரம். மேலே பந்துகளை நிரப்பிவிட்டால் பச்சை விளக்கு மினுங்கும், பிறகு ஒரு பந்தை மெதுவாகப் பிள்ளைக்கு எறியும். இன்னொன்று நிலத்தில் ஊன்றிய கம்பி. அதில் பந்தை நைலோன் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். அடித்தால் பந்து சுற்றிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிற்கும். மூன்றாவது வெறும் றப்பர் குழாய்த் தாங்கி. குழாயின் தலையில் பந்தை வைத்துவிட்டு அடிக்கவேண்டியதுதான். பந்து போனால் போனதுதான், யாராவது போய் எடுத்துவரவேண்டும். உன் புள்ளியில் தாங்கி கடைசியாக வந்திருந்தது. "இதிலை பந்து பொறுக்கிறதே வேலையாய் இருக்கும் அப்பா" என்றாய். இயந்திரம் முதலாவது. அதையும் கயிற்றுப் பந்தையும் இணையத்தில் எடுப்பித்து, பெட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாய். தாங்கியை நான் இங்கே விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கினேன். மூன்றையும் பார்னஹாகெப் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ என்றாய். இதோ சொல்கிறேன்.

முதலில் இயந்திரம். பொறுப்பாளர் லிவ்விடம் சம்மதம் கேட்டு, மணல் குழிக்குப் பின்னால் இருக்கிற புல்தரையில் வைத்தேன். லிவ் என்னைவிட இருபது வயது இளையவள், ஆனால் அவள் புருவத்தைத் தூக்கினால் நானும் பிள்ளைகளும் ஒரே மாதிரி அடங்கிப்போவோம். ஐந்து வயதுக் கூட்டம் முழுவதும் வரிசையில் நின்றது. உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது இயந்திரம்தான். பந்தை நிரப்பிவிட்டு வாங்கில் சாய்ந்திருந்து கோப்பி குடித்தேன். குனிவதும் இல்லை நிமிர்வதும் இல்லை. என் முதுகு அதைக் கையெடுத்துக் கும்பிட்டது. அடிக்கப் பழக்குவதிலும் அதுதான் கெட்டிக்காரன். ஒரே உயரம், ஒரே வேகம், சலிப்பே இல்லை. யூனாஸ் என்று ஒரு பொடியன், கரண்டியைக்கூட நேரே பிடிக்கமாட்டான், அவன் மூன்றாம் நாளே பந்தை வேலி வரைக்கும் அடித்தான். அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நான் கோப்பியும் கையுமாய் லிவ்வோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பவும் இயந்திரத்தைப் பார்த்தான். அது பச்சை விளக்கை மினுக்கி அடுத்த பந்தை எறிந்தது. எவ்வளவு நல்ல அடி அடித்தாலும் அது அடுத்த பந்தைத்தான் எறியும், வேறென்ன செய்யும்.

கயிற்றுப் பந்தைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், என் மூக்குக் கண்ணாடி இன்னும் கடையில் இருக்கிறது. எப்படி அடிப்பதென்று பிள்ளைகளுக்குக் காட்டப் போனேன். நாங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆட்கள், மட்டை என்றால் நேரே இறங்கவேண்டும் என்றுதான் கைக்குத் தெரியும். இதை விறகு வெட்டுகிற மாதிரிக் குறுக்கே வீசவேண்டும். முதல் வீச்சில் பந்து படவில்லை. மட்டை கட்டை என்றேன். இரண்டாவதிலும் படவில்லை. கம்பி சரிவாய் நிற்கிறது என்றேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். மூன்றாவது வீச்சில் பட்டது. பந்து கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து என் முகத்திலேயே நின்றது. பிள்ளைகள் புல்லில் விழுந்து உருண்டு சிரித்தார்கள். லிவ் திரும்பி நின்று தோள் குலுங்கினாள். மாயாவுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

கடைசியாகத் தாங்கி. நீ போட்ட புள்ளி சரிதான், அது மூன்றிலும் மோசமான சாமான். காற்றடித்தால் சரியும். பிள்ளைகள் பந்தை அடிப்பதைவிடக் குழாயை அடிப்பதுதான் அதிகம். இரண்டாம் நாளே குழாயின் வாய் கிழிந்து நான் நாடா சுற்ற வேண்டியதாயிற்று. ஏன் குழாயை அடிக்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு பக்கத்தில் முழந்தாளில் இருந்து பார்த்தேன். மட்டையை வீசுகிற அந்த நேரத்தில் அவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை ராசா. நாங்கள் பார்க்கிறோமா என்று எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். அடித்த பிறகும் பந்து எங்கே போனதென்று பார்ப்பதில்லை. நான் எழும்பி ஓடுகிறேனா என்றுதான் பார்க்கிறார்கள். நான் ஓடினேன். பழைய மோட்டார் மாதிரி மூச்சிழுத்துக்கொண்டு ஓடினேன். பந்தைக் கொண்டுவந்து குழாயில் வைக்கும்வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை இல்லை. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்று கதைக்கும். வீட்டில் பூனை குட்டி போட்டதைச் சொல்லும். அப்பாவுக்குப் பல்லுக்கொதி என்று சொல்லும். அமினா என்கிற பிள்ளை, ஒரு நாளில் ஒரு வசனம் கதைத்தால் நாங்கள் அதை லிவ்விடம் போய்ச் சொல்வோம், அவ்வளவு மௌனி. அவள் நான் பந்து எடுக்கப் போகும்போதெல்லாம் என் பின்னாலேயே ஒரு விலாசம் சொல்லி அனுப்புவாள்: அந்தக் கல்லுக்குக் கிட்ட, இல்லை, அங்காலை, ஊஞ்சலுக்குக் கீழே.

அன்று மாலை டி-பானெ ரயிலில் வீட்டுக்கு வரும்போது, இதை நான் முன்னமே ஒருதரம் படித்திருக்கிறேனே என்று யோசித்தேன். ஸ்டோவ்னரில் இறங்கும்போது நினைவு வந்தது. உனக்கு இது நினைவிருக்காது, அம்மாவும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது நீ கைக்குழந்தை. நீயும் அம்மாவும் என்னிடம் வந்துசேர்ந்தபோது உனக்கு ஐந்து வயது, இப்போது மாயாவின் வயதுதான். ஃபோர்னெபு விமான நிலையத்தில் நான் கையை நீட்டினேன், நீ அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாய். வீட்டுக்கு வந்த பிறகும் என்னை "அந்த மாமா" என்றுதான் சொன்னாய். "அம்மா, அந்த மாமா எப்ப தன்ரை வீட்டை போவார்?" என்று ஒருநாள் கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன்னை மடக்குவதற்கென்று நான் ஏற்கெனவே ஒரு சாமான் வாங்கி வைத்திருந்தேன், தூரத்திலிருந்து ஓட்டுகிற சிவப்புக் கார். அப்போது எங்கள் ஆட்கள் யாருடைய வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. உனக்கு அது நல்லாய்ப் பிடித்தது. மேசைக்குக் கீழே இருந்துகொண்டு நாள் முழுக்க ஓட்டினாய். காரும் நீயும் சந்தோஷமாக இருந்தீர்கள். நான் சோபாவில் இருந்து என் காலில் வந்து முட்டுகிற காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முதல் பனி கொட்டியது. நாலாம் மாடி பல்கனியில் உன்னை நிறுத்திக் கையுறை போட்டுவிட்டேன். நீ ஒன்றைக் கழற்றிக் கீழே எறிந்தாய். என்னில் உனக்கிருந்த கோபத்தில் எறிந்தாய் என்றுதான் நினைக்கிறேன். படியிறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். திரும்ப எறிந்தாய். திரும்ப இறங்கினேன். அந்தக் கட்டடத்தில் அப்போது மின்தூக்கி பழுது. எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. அம்மா வாசலில் நின்று "உங்களுக்கென்ன விசரோ, அவன் விளையாடுறான்" என்று ஏசினாள். விளையாடுகிறான் என்றுதானே நானும் இறங்குகிறேன். கடைசியில் ஒருதரம் கீழே போனால் கையுறையைக் காணவில்லை. புதுப் பனி மூடிவிட்டது. நான் காலால் கிளறிக்கொண்டு நிற்க, மேலே பல்கனிக் கம்பிகளுக்கு நடுவில் உன் முகம் தெரிந்தது. "அப்பா, அங்கை இல்லை. அந்தக் காருக்குப் பின்னாலை, அப்பா" என்று கத்தினாய். கையுறை கிடைத்ததா என்றால் எனக்கு ஞாபகமில்லை. அந்தக் காரின் மேலே சாய்ந்து நின்று அழுததுதான் ஞாபகம். கார்க்காரன் வந்து ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். ஒரு பிரச்சினையும் இல்லை, என் மகன் மேலே நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

இவ்வளவோடு கடிதத்தை முடித்துவிட்டு, தாங்கியை வாங்கிக்கொண்டு போ மகனே என்று எழுதத்தான் இருந்தேன். அதற்குள் நித்யா தொலைபேசி எடுத்தாள். உனக்குத் தெரியுமோ தெரியாது, மாதத்தில் ஒருதரம் அவள் எங்களோடு கதைப்பாள். நீங்கள் பிரிந்த பிறகும் என்னை மாமா என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. அவளுடைய தமிழ்நாட்டுத் தமிழை அம்மா ஆரம்பத்தில் ரீவி நாடகத் தமிழ் என்று நக்கலடிப்பாள், இப்போது அந்தக் குரலைக் கேட்காவிட்டால் அம்மாவுக்குச் சரிவருவதில்லை. நான் இயந்திரம், கயிறு, தாங்கி என்று என் ஆராய்ச்சி முழுவதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். ஆராய்ச்சிக்காரியிடமே ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்கிற துணிவு எனக்கு. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மாமா, அவளுக்கு அடிக்கிறதுல அவ்வளவு இஷ்டம் எல்லாம் இல்ல. சனிக்கிழமை பிராக்டிஸ்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா வந்து பந்து பொறுக்கித் தராங்க. இவளுக்கு கோச் பொறுக்கித் தராரு. நான் வரேன்னா வேண்டாங்கறா. அப்பா வர்றப்போ வரட்டும்னு சொல்றா."

இதைச் செந்தூரனிடம் சொல்லாதீர்கள், தன்னைக் குத்திக்காட்டுவதாக நினைத்துக்கொள்வார் என்றும் சொன்னாள். நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இதோ சொல்லிவிட்டேன். மாமனாரிடம் ரகசியம் சொன்னால் அதுதான் கதி. நீ அவளோடு கோபிக்காதே. கோபிக்கவேண்டுமென்றால் என்னோடு கோபி, நான் தாங்குவேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் குசினிக்குள் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் கதையைத் தொடங்கினேன். அவன் அங்கே வேலைக்குப் போகாமல் நிற்பது எங்களைப் பார்த்துத்தானே என்றேன். எங்களுக்கும் வயது போகிறது, உனக்கும் முழங்கால், எனக்கும் நாளைக்கு என்ன வருமோ, அவன் நினைப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறதுதானே என்று இழுத்தேன். உண்மையில் அவள் ஓம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்துத்தான் இழுத்தேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவனை இஞ்சை வைச்சிருந்து என்ன செய்யப்போறம்? ஞாயிற்றுக்கிழமை சோறு போடுறதுக்கே? அங்கை ஒரு பிள்ளை நிக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மீனைக் கழுவினாள். கழுவின மீனைத் திரும்பவும் கழுவினாள்.

நான் உனக்கு எதையும் மறைத்து எழுதப்போவதில்லை. நீ போய்விட்டால் எங்களுக்கு இங்கே பிள்ளை என்று யாரும் இல்லை. எனக்குப் பயம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தால் கதவைத் திறக்க ஓடுகிற பழக்கம் இனி எங்கே போய்த் தீரும் என்று தெரியவில்லை. ஆனால் ராசா, எங்கள் பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம். முழங்காலுக்கு வைத்தியர் இருக்கிறார். முதுகுக்கு லிவ் இருக்கிறாள், என்னைக் குனிய விடுவதில்லை. பெரிய ஆட்களுக்கு எதற்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும் இந்த நாட்டில். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று ஒரு இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு நிற்கும்போது, அதற்கு மாற்று மருந்து எந்த நாட்டிலும் கிடையாது. கோச் நல்ல மனிதனாக இருப்பான். ஆனால் அவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கோச்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாங்கியின் உயரம் பிள்ளையின் இடுப்புக்குச் சரியாக இருக்கவேண்டும். பஞ்சுப் பந்துதான் வேண்டும், கடினப் பந்து வேண்டாம். அவளுடைய கையைப் பிடித்து அடிக்கக் காட்டாதே, அவள் கோபப்படுவாள். உன்னுடைய மகள், எனக்குத் தெரியாதா. குழாயை அடித்தால் சிரிக்காதே. நன்றாக அடித்தாலும் கைதட்டிக்கொண்டு அங்கேயே நிற்காதே, உடனே போ, பந்தை எடுத்துவா. முதல் நாள் அவள் உன்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டாள். இரண்டாம் நாளும் கதைக்கமாட்டாள். நீ பந்தை எடுத்துவா. அவளுக்கு உன் தமிழ் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, பந்து எங்கே விழுந்ததென்று சொல்வதற்கு ஒரு கை போதும். ஆனால் ஒன்று. மூன்று கிழமையில் பிள்ளைகள் எங்களை வேலைக்காரனாகத்தான் ஏற்றுக்கொள்வார்கள். அப்பாவாக ஏற்றுக்கொள்ள அதைவிடக் கனகாலம் ஓடவேண்டும். அவள் பழகி, எதிர்பார்த்து, ஒரு சனிக்கிழமை மட்டையோடு வந்து நின்று திரும்பிப் பார்க்கும்போது நீ இங்கே லில்லெஸ்ட்ரோமில் நின்றால், அதைவிட நீ போகாமலே இருப்பது மேல்.

ஆகவே கணக்கு லேசு. மூன்று கிழமையில் திரும்பி வருவதென்றால் இயந்திரத்தைக் கொண்டுபோ. நீ வந்த பிறகும் அது பந்து எறியும், பற்றறி மட்டும் மாற்றினால் சரி. அங்கேயே நிற்பதென்றால் தாங்கியைக் கொண்டுபோ. இரண்டில் எது நல்ல சாமான் என்று என்னிடம் கேட்காதே, அதை நீ எவ்வளவு காலம் நிற்கப்போகிறாய் என்பதைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

இதை வாசிக்கிற நேரம் நீ விமானத்தில் இருப்பாய். நீ எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்த உன் பெரிய பெட்டியை நேற்று நான்தான் கட்டினேன், நீ பார்க்கவில்லை. தாங்கியைக் கழற்றி உன் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன், கிழிந்த வாய்க்குப் புது நாடா சுற்றியிருக்கிறேன். அம்மா உன்னுடைய குளிர் ஜாக்கெட்டையும் தடித்த சப்பாத்தையும் மடித்து அடியில் வைத்தாள். ஆடி மாதத்தில் மூன்று கிழமைக்குப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இயந்திரத்தை பார்னஹாகெக்குக் கொடுத்துவிட்டேன். திருப்பிக் கேட்டால் லிவ் புருவத்தைத் தூக்குவாள்.

அப்பா